அச்சுத மேனனை எல்லையோரத் தமிழர் எப்படி மதிப்பிடுவது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், எங்கள் சித்தூர் தாலுகாவில் பிறந்து கோயம்புத்தூரில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. கேரளத்தின் மிகச் சிறந்த முதலமைச்சர் சி. அச்சுத மேனன்தான் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். மற்றொரு சாரார் அவர் பெயரையே எடுக்காமல் நிலச்சீர்திருத்த வரலாற்றைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். தன் தாத்தா அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறார். மூணாறில் எஸ்டேட் வேலை பார்க்கும் அத்தை வீட்டாரோ அந்தப் பெயரைக் கேட்டாலே சலித்துக்கொள்கிறார்கள். யார் சொல்வது சரி, அவரைக் காமராஜரோடு ஒப்பிட முடியுமா என்பதே கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீதிமன்றத்திலும் கூட்டணியிலும் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு மட்டும் எல்லைக்கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள் வந்ததைக் கெட்டியாகச் செய்து முடித்தவர் அச்சுத மேனன். கோட்டுக்குள் நின்றவர்களுக்கு அவர் செய்தது அரை நூற்றாண்டு கடந்தும் கலையவில்லை. கோட்டுக்கு வெளியே விடப்பட்டவர்களைத் தேடி அவரும் போகவில்லை, அவருக்குப் பின் வந்தவர்களும் போகவில்லை. தாத்தாவும் அத்தையும் அந்தக் கோட்டின் இரு பக்கங்களில் நிற்பவர்கள். ஆகவே அவரை மதிப்பிட வேண்டுமானால் கோடு எங்கே போடப்பட்டது, ஏன் அங்கே போடப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1913 ஜனவரி 13 அன்று திருச்சூர் அருகே புதுக்காட்டில் பிறந்தவர். சட்டம் படித்து வழக்கறிஞராக இருந்தவர். காங்கிரஸிலிருந்து கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தவர். 1957இல் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்து, புதிதாய்ப் பிறந்த மாநிலத்தின் முதல் வரவுசெலவுத் திட்டங்களைத் தயாரித்தார். 1964இல் கட்சி பிளந்தபோது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிலேயே தங்கினார். 1969 அக்டோபரில் மார்க்சிஸ்ட் கட்சியின் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான ஏழு கட்சிக் கூட்டணி உடைந்தபோது அவர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். சட்டமன்றத்தில் இடமே இல்லாத அவரை அழைத்து வந்து நவம்பர் 1 அன்று முதலமைச்சராக்கினார்கள். இடையில் 1970இல் இரண்டு மாதங்கள் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்ததைக் கழித்தால், 1977 மார்ச் 25 வரை அவர்தான் முதலமைச்சர். கேரளத்தில் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை முழுமையாக முடித்த முதல் முதலமைச்சரும் அவரே.

இந்தக் கடைசிச் செய்தியின் கனத்தை உணர, அவர் கையில் இருந்த பலத்தைப் பார்க்க வேண்டும். 133 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் அவருடைய கட்சிக்கு இருந்தவை இருபதுக்கும் குறைவு. காங்கிரஸ் முதலில் வெளியிலிருந்து தாங்கியது. 1971 செப்டம்பரில் உள்ளே வந்தது. வந்ததும் உள்துறை கே. கருணாகரன் கைக்குப் போனது. முஸ்லிம் லீக், ஆர்.எஸ்.பி. (புரட்சிகர சோசலிஸ்ட் கட்சி) எனப் பல கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு, எதிரில் மார்க்சிஸ்ட் தலைவர்கள் ஏ.கே. கோபாலனும் இ.எம்.எஸ்ஸும் தெருவை நிரப்பிக்கொண்டிருக்கும் காலத்தில் அவர் ஆட்சி நடத்தினார். அவர் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சாளர் அல்லர். கோப்பைப் படிப்பார், குறிப்பு எழுதுவார், துறையை அமைச்சரிடமும் நிபுணரிடமும் விட்டுவிடுவார். எம்.என். கோவிந்தன் நாயர் வீட்டுவசதித் துறையில் லட்சம் வீடு திட்டத்தைத் தன் திட்டமாகவே நடத்தினார். பேரும் அவருக்கே போனது. அதை முதலமைச்சர் தடுக்க முயன்றதாகத் தெரியவில்லை. இன்றைய அரசியலில் ஒரு மேம்பாலத்துக்குக்கூட யார் படம் போடுவது என்று சண்டை நடப்பதைப் பார்ப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

சாது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. 1973இல் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் 54 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர் அசைந்து கொடுக்கவில்லை. தொழிற்சங்கத்தில் வளர்ந்த ஒரு கட்சியின் முதல்வர் அத்தனை நாள் பிடிவாதமாக நின்றார் என்பதை அன்று ஆசிரியராக இருந்த எவரும் மறந்ததில்லை.

இனி நிலம். 1963 சட்டத்தைத் திருத்திய 1969 திருத்தச் சட்டம் இ.எம்.எஸ். ஆட்சியில், கே.ஆர். கௌரி வருவாய் அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்தது 1970 ஜனவரி 1 அன்று, அச்சுத மேனன் ஆட்சியில். யாருக்குப் பெருமை என்ற சண்டை இந்தத் தேதி வித்தியாசத்தில்தான் பிறக்கிறது. 2020 ஜனவரியில் பொன்விழாக் கொண்டாடியபோது அன்றைய முதலமைச்சர் பினராயி விஜயன் அச்சுத மேனன் பெயரைச் சொல்லாமல் விட்டதும், கூட்டணித் தோழர்களான இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியினர் வெளிப்படையாகவே மனம் கசந்ததும் நினைவிருக்கலாம். சட்டம் கௌரியம்மாவுடையது, காத்திருக்காமல் குடியிருப்பு உரிமையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கீழிருந்து நெருக்கியது மார்க்சிஸ்ட் கட்சியுடைய ஆலப்புழை அழைப்பு, தாலுகாதோறும் நிலத் தீர்ப்பாயங்களை நடத்தி, மனுக்களை முடித்து, சட்டத்தை வழக்குகளிலிருந்து காப்பாற்றியது அச்சுத மேனன் அரசு. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் மீதி இரண்டும் நின்றிருக்காது என்பதே என் எண்ணம்.

காப்பாற்றியது என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. காசர்கோட்டு எடநீர் மடத்தின் கேசவானந்த பாரதி சுவாமிகள் தொடுத்த வழக்கு இந்த நிலச்சட்டத்தை எதிர்த்துத்தான் தொடங்கியது. அதன் நடுவே, 1972இல், 29ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் கேரள நிலச்சட்டத் திருத்தங்கள், சட்டங்களை நீதிமன்ற வழக்கிலிருந்து காக்கும் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 1973 ஏப்ரல் 24 அன்று வந்த தீர்ப்பை அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்புக்காக நாடே படிக்கிறது. எங்கள் பக்கத்துக் குடியானவனுக்கு அதன் பொருள், தன் வயல் தன்னுடையதாகவே இருக்கும் என்பதுதான். டில்லியில் காங்கிரஸோடு உறவு வைத்திருந்ததால்தான் அந்த அட்டவணைக் காப்பு அவ்வளவு விரைவில் கிடைத்தது. காங்கிரஸோடு சேர்ந்ததற்காக அவரைத் திட்டுகிறவர்கள் கணக்கில் இந்த வரவையும் வைக்க வேண்டும்.

பாலக்காட்டுத் தமிழர்கள் எல்லாரையும் இந்தச் சட்டம் ஒரே மாதிரி தொடவில்லை. கல்பாத்தி முதலிய அக்ரகாரங்களில் பாட்ட (குத்தகை) நெல்லை நம்பி இருந்த குடும்பங்கள் நிலத்தை இழந்தன. பம்பாய்க்கும் சென்னைக்கும் அவர்கள் போகத் தொடங்கியது அதற்கு முன்பே என்றாலும், திரும்பி வருவதற்கான காரணம் 1970க்குப் பின் இல்லாமல் போனது. சித்தூர்ப் புழையோர வயல்களில் பாட்டத்துக்கு உழுதவர்கள் உடைமையாளர் ஆனார்கள். ஜன்மி எனப்படும் நிலவுடைமையாளரின் நிலத்தில் குடிசை போட்டிருந்த கூலிக்காரருக்குக் குடிகிடப்பு உரிமையாகப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகராட்சியில் 3 சென்ட் கிடைத்தது.

அந்த உரிமையை எழுதித் தந்த தாளை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மேலே நிலத் தீர்ப்பாயத்தின் பெயர், அதன் கீழே சர்வே எண்ணும் பரப்பும், பழைய ஜன்மியின் பெயர், கட்ட வேண்டிய கிரயத் தொகை, அலுவலக முத்திரை. எழுத்து மலையாளம், வாங்கியவர்களில் பலருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று யாரையாவது படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து உறையில் போட்டுத் தகரப் பெட்டிக்குள் வைத்தார்கள். கல்யாணத்துக்குக் கடன் வாங்கவும், மகனைப் படிக்க அனுப்பவும், எல்லாவற்றுக்கும் மேலாக, முதலாளியோடு மனத்தாங்கல் வந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும் என்ற பயம் இல்லாமல் வேலைக் கூலி கேட்கவும் அந்தப் பத்து சென்ட் உதவியது. தம்பியின் தாத்தா கும்பிடுவதில் மிகை ஒன்றும் இல்லை. ஆனால் பத்து சென்டில் வீடு கட்டலாம், விவசாயம் செய்ய முடியாது. பாட்டக்காரருக்கு வயல், கூலிக்காரருக்கு மனை என்று சட்டம் பிரித்ததால், எங்கள் தாலுகாவின் பட்டியல் சாதிக் குடும்பங்கள் இன்றும் பெரும்பாலும் அந்த மனையிலேயே, மூன்றாம் தலைமுறையாகப் பாகம் பிரித்துக்கொண்டு இருக்கின்றன.

இன்னும் கடுமையான கோடு மலையில் போடப்பட்டது. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலம் ஆகிய தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு. இதற்கு வலுவான காரணங்கள் சொல்லப்பட்டன: அந்நியச் செலாவணி வருகிறது, ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் வேலை செய்கிறார்கள், துண்டு போட்டால் தொழிற்சாலை ஓடாது. அவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கங்காணிகள் அழைத்து வந்த கூலிகளின் பேரப்பிள்ளைகள் குடியிருந்த லயங்களும் (கம்பெனி கட்டிய வரிசை வீடுகள்) அந்த விலக்குக்குள் போய்விட்டன. சமவெளியில் ஜன்மியின் நிலத்தில் குடிசை போட்டவன் குடிகிடப்புக்காரன். மலையில் கம்பெனியின் லயத்தில் மூன்று தலைமுறை இருந்தவன் வெறும் வேலைக்காரன்.

இத்தனைக்கும் மலையைத் தொடுவதற்கு அச்சுத மேனன் அஞ்சவில்லை. 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்ற கண்ணன் தேவன் மலை நிலத்தை 1971இல் தனிச் சட்டம் போட்டு அரசு மீட்டது. 1,37,000 ஏக்கருக்கும் அதிகமான பரப்பு அது. கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போயும் 1972இல் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. பிறகு நில வாரியம் அளந்து, தோட்டத்துக்குத் தேவை என்று சுமார் 57,000 ஏக்கரைக் கம்பெனிக்கே விட்டுக்கொடுத்தது. மிஞ்சிய நிலத்தின் ஒரு பகுதியில்தான் இன்று வரையாடு பார்க்க வரிசையில் நிற்கிறோமே, அந்த இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. வரையாட்டுக்கு இடம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவ்வளவு நிலம் அரசின் கைக்கு வந்த அந்தச் சில ஆண்டுகளில், லயத்திலிருந்து ஓய்வு பெற்று இறங்குகிற குடும்பத்துக்குப் பத்து சென்ட் என்று ஒரு பிரிவைச் சேர்க்க ஒரு பேனாக் கோடு போதுமாயிருந்தது. மலைத் தொழிலாளர்களிடையே அவருடைய கட்சியின் தொழிற்சங்கமான ஏ.ஐ.டி.யு.சி. வேரூன்றியிருந்தது, 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸை வெல்ல வைக்கப் பாவலர் வரதராசன் எல்லை தாண்டி வந்து பாடிய மலை அது. அந்த மலைக்காரர்கள் கேட்காமலும் இல்லை, கட்சிக்குத் தெரியாமலும் இல்லை.

விளைவு பின்னால் தெரிந்தது. லயம் என்றால் ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் சிறு திண்ணை. வேலையில் இருக்கும் வரைதான் அது வீடு. ஓய்வு பெற்றால் பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் பேர் பதிந்தாக வேண்டும், இல்லையேல் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். படித்த பிள்ளை கொழுந்து கிள்ளப் போவதற்கும், சங்கத்தை எதிர்க்கத் தாய்மார்கள் தயங்குவதற்கும் அந்தச் சாவிதான் காரணம். 2015 செப்டம்பரில் அந்தத் தயக்கத்தை உதறிப் பெண்கள் ‘பொம்பிளை ஒருமை’ என்று திரண்டு மூணாறில் சாலையை மறித்தபோது, கம்பெனியோடு சேர்த்துச் சங்கத் தலைவர்களையும் விரட்டினார்கள், ஏ.ஐ.டி.யு.சி.யும் அதற்கு விலக்கில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் போனார்கள். மழைக்கு அச்சுத மேனன் பொறுப்பல்ல. வேறிடத்தில் ஒரு துண்டு நிலம் இருந்திருந்தால் அந்த வரிசை வீடுகளில் யார் யார் இருந்திருப்பார்கள் என்ற கேள்வியைத் தம்பியின் அத்தை கேட்டால், அதற்கு நான் பதில் வைத்திருக்கவில்லை.

பாலக்காட்டுப் பழங்குடிப் பகுதியான அட்டப்பாடியில் கோடு வேறு விதமாகக் கோணியது. பழங்குடியினரிடமிருந்து கைமாறிய நிலத்தைத் திரும்ப வாங்கித் தரும் சட்டம் 1975இல் அவர் காலத்தில்தான் நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர் எவரும் இல்லை. விதிகள் வந்தது 1986இல். அந்த இடைவெளியில் பெரும்பகுதி அவர் பதவியில் இல்லாத காலம் என்பதால் பழியைப் பங்கிட்டே வைக்க வேண்டும். இங்கே நாமும் நேர்மையாக இருக்க வேண்டும்: இருளர்களின் நிலத்தில் குடியேறியவர்களில் மலையாளிகள் மட்டும் இல்லை, கோவைப் பக்கத்துக் கவுண்டர்களும் உண்டு. எல்லையோரத் தமிழர் எப்போதும் இழந்த பக்கத்திலேயே இருந்தார்கள் என்று எழுதுவது வசதியான பொய்.

தண்ணீர் விஷயத்தில் அவரைக் கேரளத்தவர்கள் திட்டுவதை நாங்கள் தினமும் கேட்கிறோம். 1970 மே 29 அன்று தமிழ்நாட்டோடு இரண்டு ஏற்பாடுகள் கையெழுத்தாயின. ஒன்று முல்லைப் பெரியாறு துணை ஒப்பந்தம்: ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த குத்தகை 30 ரூபாய் ஆனது, மீன்பிடி உரிமை கேரளத்துக்கு வந்தது, தமிழ்நாடு மின்சாரம் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. மற்றொன்று பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம்: 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று எழுதப்பட்டு, மணக்கடவில் அளந்து ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. சித்தூர்ப் புழைக்குத் தர வேண்டும் என்று நிர்ணயித்தது. அணைகள் கேரள மண்ணில், சாவி தமிழ்நாட்டின் கையில் என்பது வருத்தம்தான். ஆனாலும் அணைகள் ஏற்கெனவே எழும்பிவிட்ட நிலையில் கணக்கு எழுதிக்கொண்டதே எங்களுக்கு லாபம் என்று நான் கருதுகிறேன். பாலக்காட்டுக் கணவாயின் காய்ந்த காற்றடிக்கும் கரிசல் பூமி கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம். மாசி, பங்குனியில் மூலத்தறை ரெகுலேட்டரில் எங்கள் விவசாயிகள் நின்று, இடது கால்வாய்க்கு எவ்வளவு திறந்திருக்கிறது, வலது கால்வாய்க்கு எவ்வளவு என்று பார்க்கிறபோது, எத்தனை கன அடி பாக்கி என்று கேட்கும் வாய் அந்த எண்ணால்தான் வந்தது. 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு என்ற பிரிவும் அதில் இருக்கிறது; 1988இல் முறை வந்தது. அதை முடித்துவைக்காதது பின்னால் வந்த அரசுகளின் குறை. எல்லைச் சண்டையை மேடைச் சரக்காக்காமல் கணக்கு வழக்காக நடத்தியது அவருடைய பாணிக்கு நல்ல சான்று.

நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கேரளத்தில் எல்லாருக்கும் தெரிந்த பட்டியல்தான். கே.என். ராஜ் தலைமையில் வளர்ச்சி ஆய்வு மையம், கே.பி.பி. நம்பியாரைக் கொண்டு மின்னணு நிறுவனமான கெல்ட்ரான், வலியத்தானை அழைத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையம், பீச்சியில் வன ஆராய்ச்சி நிறுவனம், வேளாண் பல்கலைக்கழகம், 1974இல் அரசின் உணவுப்பொருள் வழங்கு கழகமான சப்ளைகோ. நல்ல ஆளைத் தேடிப் பிடித்துப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் குணம் இங்கே முழுப் பலன் தந்தது.

அதே குணம் 1976இல் பெரும் குற்றமாக மாறியது. நெருக்கடி நிலையை அவருடைய கட்சி ஆதரித்தது. மார்ச் 1 அன்று கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீசார் பிடித்துக் கக்கயம் முகாமுக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. தந்தை ஈச்சர வாரியர், பேராசிரியர், முதலமைச்சரை நேரில் பார்த்து மன்றாடியதையும் ஆறுதலாக ஒரு சொல் கிடைக்காமல் திரும்பியதையும் பின்னாளில் எழுதினார். உள்துறை கருணாகரனிடம் இருந்தது, ஆகவே அச்சுத மேனனுக்குப் பங்கில்லை என்று அவருடைய அன்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. சப்ளைகோவும் கெல்ட்ரானும் அவர் கணக்கில் வரவானால், கக்கயமும் அதே கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். துறையை அமைச்சரிடம் விட்டுவிடுவது கூட்டணி நாகரிகம். வாசலில் வந்து நிற்கும் தகப்பனையும் துறையிடமே விட்டுவிடுவது வேறு. 1970 பிப்ரவரியில் வயநாட்டில் நக்சலைட் தலைவர் வர்கீஸைப் போலீசார் கொன்றதும் அவருடைய முதல் ஆட்சிக் காலத்தில்தான். அது மோதல் அல்ல என்பது வெளிவர 1998 வரையும், காவல் அதிகாரிக்குத் தண்டனை கிடைக்க 2010 வரையும் ஆயிற்று. போலீஸ் என்ற துறைக்குள் அவர் எட்டிப் பார்க்கவே விரும்பவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 1977 மார்ச்சில் வட இந்தியா இந்திரா காந்தியைத் தண்டித்தபோது கேரளம் இந்தக் கூட்டணிக்கு 140இல் 111 இடங்கள் கொடுத்தது என்பதும் மறக்க வேண்டிய செய்தி அல்ல.

காமராஜரோடு ஒப்பிடலாமா என்றால், ஓரளவுக்கு ஒப்பிடலாம். இருவரும் அதிகம் பேசாதவர்கள், கைச்சுத்தத்தில் யாரும் குறை சொல்லாதவர்கள், கெட்டிக்காரர்களை வேலை செய்ய விட்டவர்கள், பதவியைத் தாமாகவே விட்டவர்கள். காமராஜர் 1963இல் கட்சி வேலைக்காக முதலமைச்சர் பதவியைத் துறந்தார். அச்சுத மேனன் 1977இல் தேர்தலிலேயே நிற்காமல் திருச்சூர் திரும்பி, 1985இல் லாரி பேக்கர், கே.என். ராஜ் ஆகியோரோடு சேர்ந்து, செலவு குறைந்த வீடு கட்டும் ‘காஸ்ட்ஃபோர்ட்’ அமைப்பைத் தொடங்கி, 1991 ஆகஸ்ட் 16 அன்று மறையும் வரை எழுத்தும் படிப்புமாக இருந்தார். வேறுபாடு பிடிமானத்தில் இருக்கிறது. காமராஜர் தன் கட்சியைக் கைக்குள் வைத்திருந்தவர், கிராமம் கிராமமாகப் போய் ஆள் பேர் தெரிந்து வைத்திருந்தவர். தன்னிடம் வந்து நிற்கும் மனிதனைப் பார்த்துக் கோப்பின் போக்கையே மாற்றுவார். அச்சுத மேனன் கோப்பின் வழியாக மனிதனைப் பார்த்தவர். கோப்பில் குடிகிடப்புக்காரன் இருந்தான், லயத்துக்காரன் இல்லை. தேவிகுளமும் பீர்மேடும் 1956இல் கேரளத்தோடு நின்றதற்காகக் காமராஜர் மீது வருத்தம் வைத்திருக்கும் முதியவர்கள் அந்த மலையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச்சட்டத்தையும் அதே மூச்சில் குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தம்பி அடுத்த முறை அத்தை வீட்டுக்குப் போகும்போது, அவர்கள் லயத்தில் யார் பேரில் இப்போது வேலை பதிந்திருக்கிறது என்று கேட்டுப் பார்க்கட்டும்.